எட்டாவது சுற்றும் தயிர் சாதமும்

போன வாரம் உணவியல் படிக்கும் உங்களில் மூன்று பேர் திருச்சானூரில் என் வீட்டைத் தேடிப் பிடித்து வந்தீர்கள். ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்த களைப்பு ஆறும் முன்பே ஒருவர் செல்போனை நீட்டி, "மேடம், குடல் பாக்டீரியாவ சரி பண்ணினா ஓடறவங்களுக்கு வேகம் கூடுமாமே, உங்க அனுபவம் என்ன?" என்று கேட்டார். நான் காபி கொடுத்து, எதிர் லாட்ஜுக்கு வரும் தண்ணீர் லாரி என் வாசலை மறிக்கும் கதையைச் சொல்லி உங்களை அனுப்பிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அந்தப் பதிலில் நான் ஒரு பெரிய முட்டாளாக வருகிறேன். முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதித் தருகிறேன். படித்துச் சிரித்துக்கொள்ளுங்கள், என் வாசலுக்கு வந்து சிரிக்க வேண்டாம்.

இந்தத் தொழிலில் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தேன். முதல் பாதி ஆஸ்பத்திரியில், அடுத்த பாதி திருப்பதியில் ஒரு விளையாட்டு விடுதியில். ஆர்டரில் உணவியல் நிபுணர் என்று இருக்கும். பிள்ளைகள் வைத்த பெயர் தட்டு மேடம். சாப்பாட்டு நேரத்தில் மேஜை மேஜையாகப் போய், யார் கீரையை ஓரம் ஒதுக்குகிறார்கள், யார் முட்டையின் மஞ்சளைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளுகிறார்கள் என்று கண்காணிப்பேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்த வேகத்தில் இறங்கியும் விடும். அது இறங்குவதற்குள் நாலு பேர் அழுதிருப்பார்கள். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தபோது ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். குடலுக்குள் குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களைப் பற்றி அங்கேதான் விரிவாகக் கேட்டேன். நமக்குச் செரிக்காததை அவை சாப்பிடுகின்றன, பதிலுக்கு நமக்கு வேண்டிய சிலவற்றைச் செய்து தருகின்றன, அந்தக் குடித்தனக்காரர்கள் ஒத்துழைத்தால் நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு நல்லது என்றெல்லாம் சொன்னார்கள். இதில் தெரியாதது இன்னும் நிறைய இருக்கிறது, அவசரப்படாதீர்கள் என்றும் சொன்னார்கள். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் என் காதில் ஏறவில்லை. ஊர் திரும்பியதும் எதிரே வந்தவர்களிடமெல்லாம் பாக்டீரியா புராணம்தான். ஒரு நாள் என் வீட்டுக்காரர் பொறுமை இழந்து, "என் வவுத்துல கீறவங்கல்லாம் ஒண்ணா சேந்து பசிக்குதுன்னு மனு குடுத்துக்கினு கீறாங்க. மொதல்ல அவங்கள கவனி" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் லாவண்யா என் கையில் மாட்டினாள்.

நகரிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். பதினெட்டு வயது. ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். ஒல்லி உடம்பு, பெரிய சிரிப்பு. நானும் நகரிக்காரி, பவர்லூம் சத்தத்தில் பரீட்சைக்குப் படித்தவள். அதனால் அவள் மற்றவர்களிடம் தெலுங்கில் பேசிவிட்டு என்னிடம் வந்தால் மட்டும் நம் ஊர்த் தமிழுக்கு இறங்கிவிடுவாள். பயிற்சியில் அவளைப் பிடிக்க ஆளில்லை. காலையில் மைதானத்தில் அவள் ஓடுவதைப் பார்த்தால் பார்க்கிற நமக்கே மூச்சு லேசாகிவிடும். போட்டி என்று வந்தால்தான் தொல்லை. மொத்தம் பன்னிரண்டரை சுற்று. ஏழு சுற்று வரை முதல் இரண்டு பேரில் இருப்பாள். எட்டாவது சுற்றில் வலது கை வயிற்றுக்குப் போகும். அப்புறம் வேகம் குறையும், முகம் வெளுக்கும், பாதையை விட்டு விலகி நேராகக் கழிப்பறைக்கு ஓடுவாள். அந்த ஓட்டத்துக்கு மெடல் கொடுப்பதாக இருந்தால் அவள்தான் முதலிடம் என்று உடன் ஓடும் பிள்ளைகள் கேலி செய்தார்கள்.

கோச்சுக்கு இதற்கு ஒரே விளக்கம்தான். "அந்தா பயமே மேடம்" என்பார், எல்லாம் பயம்தான் என்று. பயிற்சியில் வலிக்காத வயிறு போட்டியில் மட்டும் வலித்தால் வேறு என்ன சொல்வது? அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. அந்த வருடம் மூன்று தேர்வுப் போட்டிகள். மூன்றில் ஒன்றிலாவது முதல் இரண்டு இடத்துக்குள் வருகிறவர்களுக்குத்தான் மாநில முகாம். வராதவர்களின் விடுதிக் கட்டில் அடுத்த வருடம் வேறு பிள்ளைக்குப் போகும். லாவண்யாவுக்கு வயது வரம்பில் அதுதான் கடைசி வருடம்.

முதல் போட்டியில் அவள் பாதியில் நின்றதும் நான் களத்தில் குதித்தேன். பயம் என்று சொல்ல நீங்கள் யார், இது குடல் சமாசாரம், என்னிடம் விடுங்கள் என்று கோச்சிடம் சண்டை போட்டேன். புதிதாகப் படித்த உற்சாகம். மாத்திரை, பவுடர் எதுவும் வேண்டாம், நம் ஊரில் இல்லாத பாக்டீரியாவா என்று தயிரைப் பிடித்தேன். போட்டி நாளில் நீண்ட தூரம் ஓடும் பிள்ளைகளுக்கு முன்பே தயிர் சாதம்தான் மதிய உணவு, அதுவும் நான் எழுதிக் கொடுத்ததுதான். அதைக் காலையிலும் கொடுக்கச் சொல்லி சார்ட்டைத் திருத்தி, சமையலறைச் சுவரில் நானே ஒட்டினேன்.

இரண்டாவது தேர்வுப் போட்டி. லாவண்யா காலையில் தயிர் சாதம் சாப்பிட்டாள், மதியம் சாப்பிட்டாள். தட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒரு பருக்கை மிச்சமில்லை. மாலையில் ஏழாவது சுற்று தாண்டவில்லை. போன தடவையை விட மோசம். கழிப்பறைக் கதவுக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்து வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"கோச் சொல்றதுதான் மேடம் நெசம். நான் பயந்தாங்கொள்ளி. எனக்கே தெரியாம உள்ள பயந்துக்கினு கீறேன் போலக்கீது."

அந்தப் பெண் அதுவரை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வயிற்று வலியோடு வந்த பிள்ளைக்கு நான் சேர்த்துக் கொடுத்தது இன்னொரு தோல்வி.

மூன்றாவது தேர்வுப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. இடையில் சித்தூரில் ஒரு சின்னப் போட்டி. தேர்வு இல்லை, சும்மா ஓடிப் பார்ப்பதற்கு. மூன்று ஓட்டக்காரப் பெண்களோடு கோச்சும் நானும் காலையில் கிளம்பினோம். வழியில் பார்த்தால், காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்துக் கட்டிய தயிர் சாத டப்பாவைக் காணோம். புத்தூருக்குப் போகிற கபடிப் பிள்ளைகளின் வேனில் மாற்றி ஏற்றிவிட்டார்கள். நான் போன் செய்வதற்குள் கபடிக்காரிகள் வடமாலபேட்டை தாண்டும்போதே அதைத் திறந்து காலி பண்ணிவிட்டார்கள். "சூப்பர் மேடம், தாங்க்ஸ் மேடம்" என்று போனில் கோரஸாகச் சொன்னார்கள். நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஸ். வேறு வழியில்லாமல் அங்கே மூன்று தயிர் சாதம் சொன்னேன். வாசனை பிடித்ததுமே தெரிந்தது, நல்ல புளிப்பு. சட்டென்று எனக்கு ஏறிவிட்டது.

"இன்னாங்க இது, நேத்து தயிரா? ஓடப் போற பொண்ணுங்களுக்குக் குடுக்கறேன்."

மெஸ்காரர் கல்லாவிலிருந்து நிமிரக்கூட இல்லை. "நேத்து ஒறை ஊத்தினாதாம்மா இன்னிக்கு தயிரு. புளிக்காம இருந்தா அது எப்பிடிம்மா தயிராவும்?"

நேரம் ஆகிவிட்டது. மூன்று பேரும் அதையே சாப்பிட்டார்கள். லாவண்யா மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள். நான் எந்தக் கழிப்பறை பக்கத்தில் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

எட்டாவது சுற்று வந்தது. கை வயிற்றுக்குப் போகவில்லை. ஒன்பது, பத்து. கடைசிச் சுற்றில் இரண்டாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் நடுவில் ஒரு பஸ் போகலாம். முடித்துவிட்டுக் குனிந்து மூச்சு வாங்கியவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மேடம், வவுறு ஒண்ணுமே சொல்லல மேடம்."

கோச் சிரித்தார். "பார்த்தீங்களா மேடம், இது செலக்ஷன் இல்லை. பயம் இல்லை, அதனால வலியும் இல்லை."

அவர் சொன்னது எனக்கே நியாயமாகப் பட்டது. அதுதான் கொடுமை. தேர்வுப் போட்டியில் வலிக்கிறது, தேர்வு இல்லாத போட்டியில் வலிக்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, தோல்வியை எப்படி ஒப்புக்கொள்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் லாவண்யா வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்குக் கேட்டேன், இன்றைக்குத் தயிர் சாதம் எப்படி இருந்தது என்று.

"துன்னவே முடில மேடம், ஒரே புளிப்பு. முனிரத்தினம் அண்ணன் பண்றது எம்மா நல்லா இருக்கும். அது புளிக்கவே புளிக்காது."

நான் தலையைத் தூக்கினேன். புளிக்காவிட்டால் அது எப்படித் தயிர் என்று மெஸ்காரர் கேட்ட கேள்வி அப்போதுதான் என்னிடம் பதில் கேட்டது.

முனிரத்தினம் எங்கள் விடுதியின் தலைமைச் சமையல்காரர். வடமாலபேட்டைக்காரர், என் வயதுதான் இருக்கும். திருமலையில் யாத்ரீகர்களுக்குச் சமைக்கும் ஒரு மடத்தில் பல வருடம் கரண்டி பிடித்தவர். சாப்பாட்டுக் கூடத்துக்கும் அவர் சமையலறைக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவை நான் எத்தனை தடவை தாண்டியிருப்பேன் என்று கேட்டால், சார்ட் ஒட்டுவதற்குத் தாண்டினேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் அம்மா இருந்தார். நோயாளி சாப்பிடவில்லை என்று நான் ரிப்போர்ட் எழுதினால், "தட்டப் பாத்தது போதும், போய் அடுப்பப் பாரு" என்று விரட்டுவார். அவர் போன பிறகு நான் தட்டோடு நின்றுவிட்டேன்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குச் சமையலறைக்குள் போனேன். போட்டி நாளில் பண்ணுகிற மாதிரியே ஒருத்தருக்குத் தயிர் சாதம் பண்ணுங்கள், நான் பார்க்க வேண்டும் என்றேன். முனிரத்தினத்துக்குப் பெருமை தாங்கவில்லை. தோள் துண்டை உதறிக் கட்டினார். குழைய வேகவைத்த சோற்றை மசித்தார். சுண்டக் காய்ச்சிய பாலைச் சுடச்சுட ஊற்றினார். இன்னும் ஊற்றினார். வெண்ணெய் ஒரு உருண்டை. கடுகு, இஞ்சி, முந்திரி தாளித்தார். கடைசியில் ஒரு சின்னக் கிண்ணத்திலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துச் சாமிக்குத் தீர்த்தம் விடுவது போல விட்டார்.

"தயிர் எங்க முனிரத்தினம்?"

"தோ, ஊத்தினேனே மேடம்."

"அந்த ஒரு ஸ்பூனா?"

"அது போதும் மேடம். தயிராவே ஊத்தினா மதியத்துக்குள்ள புளிச்சிப் பூடும். போட்டிக்குப் போற புள்ளைங்களுக்குப் புளிச்ச சோத்தயா குடுக்கறது? மடத்துல பெரியவங்களுக்குக்கூட இப்பிடித்தான் பண்ணுவோம். தெனம் போடற மோருசோறு வேற, இது வேற. இது தத்தோஜனம், கோயில்ல குடுக்கற தயிர் சோறு மாதிரி."

நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வழிக்குக் கட்டும் தயிர் சாதம் என்றால் பால் ஊற்றித்தான் பிசைய வேண்டும், இல்லாவிட்டால் புளிக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் நானே அப்படிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். தயிர் என்று காகிதத்தில் எழுதும்போது மட்டும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

லாவண்யாவைக் கூப்பிட்டு விட்டேன். நீ தினமும் பால் குடிக்கிறாயா என்று கேட்டேன். விடுதியில் மாலையில் எல்லோருக்கும் ஒரு தம்ளர் பால் உண்டு. வார்டன் ஆளுக்கு ஒன்றாக எண்ணிக் கொடுப்பார்.

"குடிக்கறேன் மேடம்."

"லாவண்யா."

அவள் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். "இல்ல மேடம். சின்னதுலேர்ந்தே பாலு எனக்கு ஒத்துக்காது. வவுறு கடமுடாங்கும். எங்க நைனாவுக்கும் அப்பிடித்தான். அத ரூமுக்கு எடுத்துக்கினு போயி எங்க ரூம் பொண்ணுக்குக் குடுத்துடுவேன்."

அவளுடைய அறைத் தோழி ஈட்டி எறிகிறவள். தினம் இரண்டு தம்ளர் பால். அந்த வருடம் அவளுடைய ஈட்டி ஏன் அவ்வளவு தூரம் போனது என்பதும் எனக்குப் புரிந்தது.

இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும். பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது. சிலர் உடம்புக்கு அதைச் செரிக்கத் தெரியாது. செரிக்காமல் கீழே இறங்கினால் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அன்றைக்குக் கல்யாண விருந்து. தின்றுவிட்டு வாயுவைக் கிளப்பும், தண்ணீரை இழுக்கும். உட்கார்ந்திருந்தால் வயிறு இரையும். ஐயாயிரம் மீட்டர் குலுங்க ஓடினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். புளித்த தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைத் தயிர்ப் பாக்டீரியாக்கள் முன்பே தின்று தீர்த்திருக்கும், மிச்சத்தைச் செரிக்கவும் கை கொடுக்கும். அதனால்தான் தினசரி மோர்சாதத்தில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போட்டி நாளில் மட்டும் நான் எழுதிக் கொடுத்து, முனிரத்தினம் ஆசையாகச் செய்து, அவள் வயிற்றில் பாலை ஊற்றினோம். வயிற்றில் பால் வார்ப்பது என்று நல்ல செய்திக்குச் சொல்வார்கள். இவள் விஷயத்தில் அதைச் சொல்லக்கூடாது.

அந்த இடத்தில் நான் செய்தது அடுத்த தப்பு. முனிரத்தினத்தைப் பார்த்துக் கத்தினேன். தயிர் என்று எழுதினால் தயிர் ஊற்றத் தெரியாதா, ஒரு பெண்ணின் வாழ்க்கையே போயிருக்குமே என்று சமையலறையே அதிரக் கத்தினேன். அவர் துண்டை அவிழ்த்து, காய்கறி மூட்டை மேல் உட்கார்ந்தார். மெதுவாகக் கேட்டார்.

"புள்ளைங்களுக்கு நான் வெசம் வெச்சேன்னு சொல்றீங்களா மேடம்?"

சுவரில் என் சார்ட் தொங்கிக்கொண்டிருந்தது. தயிர் சாதம் என்று இரண்டே சொல். எத்தனை பங்கு தயிர் என்று இல்லை, பால் கூடாது என்று இல்லை. எழுதியவள் நான், கையெழுத்து என்னுடையது. அதைக் கிழித்து மடித்து என் பையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே இன்னொரு மூட்டை மேல் உட்கார்ந்தேன். தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். இத்தனை வருடத்தில் சமையலறையில் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்துபோய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார், பால் இல்லாமல். அதைக் கண்டு லாவண்யா முதலில் சிரித்தாள், அப்புறம் நாங்கள் இரண்டு பேரும்.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆபீசில் எனக்கு மேலே இருந்தவருக்கு விஷயம் எட்டியது. ஒரு கம்பெனிக்காரர் கொண்டுவந்து வைத்திருந்த பாக்டீரியா கேப்ஸ்யூல் டப்பாவை எடுத்து, இதையும் சேர்த்துக் கொடுங்கள், எதற்கும் இருக்கட்டும் என்றார். எனக்கும் கை நீண்டது, மறைக்க மாட்டேன். பத்தே நாளில் எதையாவது சேர்த்துக்கொண்டே போகத்தான் மனசு சொல்லும். ஆனால் ஏற்கெனவே நான் சேர்த்த ஒன்றுதான் அவளைக் கழிப்பறைக்கு அனுப்பியிருந்தது. புதிதாக எது கொடுத்தாலும் அந்த வயிறு என்ன சொல்லும் என்று தெரிந்துகொள்ள நாள் இல்லை. ஒன்றை எடுக்கிறேன், எதையும் சேர்க்கவில்லை என்று சொல்லி டப்பாவை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இன்னொன்று பாக்கி இருந்தது. பால்தான் காரணம் என்று எனக்கு நிச்சயம். கோச்சுக்கு இல்லை. முக்கியமாக, லாவண்யாவுக்கு இல்லை. தலையை ஆட்டினாளே தவிர, பயந்தாங்கொள்ளி என்கிற சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அந்தச் சொல்லோடு அவள் தேர்வுக்கு நின்றால், பாலே இல்லாமலும் எட்டாவது சுற்றில் வயிற்றைத் தேடுவாள். சோதித்துப் பார்க்க ஒரு வழிதான். பயிற்சி நாளில், தேர்வு இல்லாத நேரத்தில், முனிரத்தினத்தின் தத்தோஜனத்தைக் கொடுத்து முழுத் தூரமும் ஓட விட வேண்டும். பயம்தான் காரணம் என்றால் ஒன்றும் ஆகாது. பால்தான் என்றால் அந்தப் பெண் தெரிந்தே வேதனைப்பட வேண்டும், ஒன்றிரண்டு நாள் பயிற்சியும் போகும். கொடுக்கலாமா கூடாதா என்று ஒரு பகல் முழுக்கத் தவித்தேன். கடைசியில், முடிவு செய்ய வேண்டிய வயிறு என்னுடையது இல்லை என்று தோன்றி அவளிடமே கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "குடுங்க மேடம். பயமா பாலான்னு எனக்குத் தெரியணும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் முனிரத்தினம் அழாத குறையாகப் பரிமாறினார். மாலை மைதானத்தில் நாங்கள் நாலே பேர்: லாவண்யா, கோச், நான், கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு முனிரத்தினம். ஆளில்லை, பட்டியல் இல்லை, சிரித்துக்கொண்டேதான் கிளம்பினாள். இது ஒழுங்கான பரிசோதனை இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். என்ன சாப்பிட்டோம் என்று அவளுக்குத் தெரியும், மனசும் கொஞ்சம் விளையாடியிருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயப்பட வேண்டிய எதுவும் அங்கே இல்லை.

ஏழாவது சுற்று முடியும்போது கை வயிற்றுக்குப் போனது. எட்டாவதில் பாதையை விட்டு விலகினாள். கழிப்பறைக்கு ஓடுகிறவள் எங்களைக் கடக்கும்போது இரண்டு கையையும் மேலே தூக்கிக் கத்திக்கொண்டே போனாள்.

"பாலு மேடம். பயமில்ல, பாலு."

ஓட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவ்வளவு சந்தோஷமாக ஓடிய ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோச் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தினமும் காலையில் பால் குடித்ததும் தனக்கும் வயிறு இரைவதாகவும், இத்தனை நாளாக வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து விடுதியில் பால் வேண்டாதவர்களுக்கு மாலையில் முட்டை என்று ஆயிற்று. ஈட்டிக்காரிக்கு மட்டும் என் மேல் வருத்தம்.

தேர்வு நாள் வந்தது. முந்தின நாள் மாலையே முனிரத்தினம் தயிருக்கு உறை ஊற்றியிருந்தார். காலையில் முகர்ந்து பார்த்தபோது சித்தூர் மெஸ் வாசனை அடித்தது. வெறும் தயிர், சோறு, உப்பு. முந்திரி இல்லை, வெண்ணெய் இல்லை. அதைத் தட்டில் வைக்கவே அவருக்கு மானக்கேடாக இருந்தது. மற்றப் பிள்ளைகள் பார்த்துவிடப் போகிறார்கள் என்று தூணுக்கு அந்தப் பக்கம் அவளை உட்கார வைத்துப் பரிமாறினார். "இத நான் பண்ணேன்னு வெளிய சொல்லிடாத" என்று அவளிடம் கெஞ்சியது என் காதில் விழுந்தது.

மாலை நாலு மணிக்கு ஓட்டம், முனிரத்தினமும் பார்க்க வந்திருந்தார். ஏழு சுற்று வரை மூன்றாவதாகப் போனாள். எட்டாவது தொடங்கியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவளுடைய வலது கையை மட்டும் பார்த்தேன். எதிர்ப் பக்க வளைவில் அந்தக் கை இறங்கியது, வயிற்றுக்கு நேராகப் போனது. பக்கத்தில் கோச் "ஐயோ" என்றார். முனிரத்தினம் திரும்பி நின்றுகொண்டார்.

பனியனில் குத்தியிருந்த நம்பர் துணியின் ஒரு ஊக்கு கழன்று காற்றில் படபடத்திருக்கிறது. அவள் அதைப் பிடுங்கி, மடித்து, நிக்கர் பட்டைக்குள் செருகிவிட்டு, கையை மறுபடி வீசினாள். பத்தாவது சுற்றில் இரண்டாவது இடம். முதலில் போனவளைக் கடைசி வரை பிடிக்க முடியவில்லை, இரண்டாவதாகவே முடித்தாள். இரண்டு பேருக்கு முகாம், இவளும் உண்டு. முடித்ததும் என்னிடம் வரவில்லை, கோச்சிடம் போகவில்லை. வேலி ஓரம் இன்னும் முதுகைக் காட்டி நின்றிருந்த முனிரத்தினத்தின் தோளைத் தட்டினாள்.

"அண்ணா, திரும்புங்க. முடிஞ்சிபோச்சி."

மூன்று வருடம் கழித்து எனக்குப் பிரிவு உபசாரச் சாப்பாடு போட்டார்கள். லாவண்யா வேலைக்குப் போய்விட்டாள். இந்தச் சாப்பாட்டுக்காக லீவு போட்டு வந்திருந்தாள். பரிமாறும் மேஜையில் இரண்டு பாத்திரம் தயிர் சாதம். ஒன்றின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, 'ஓடறவங்களுக்கு' என்று எழுதியிருந்தது. அவள் நேராகப் போய் அதில் போட்டுக்கொண்டாள். நான் தட்டோடு நின்று, இன்னொரு பாத்திரத்தைக் காட்டி, இதை எப்படிப் பண்ணினீர்கள் என்று வழக்கம் போலக் கேட்டேன்.

முனிரத்தினம் முந்திரியாகத் தேடிப் பார்த்து ஒரு கரண்டி என் தட்டில் வைத்தார்.

"மூணு வருசமா தெனம் வந்து கேட்டீங்க, நானும் சொன்னேன். இன்னிக்கு ஒரு நாளு கேக்காதீங்க மேடம். நீங்க இன்னா ஓடவா போறீங்க? துன்னுங்க."